தையல் சொல்வது என்ன?

மதினி தன் மஞ்சப்பையை என் மேசைமேல் கவிழ்த்தாள். கர்ப்பிணி அட்டைகள் இரண்டு, ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், நான்காக மடித்து மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்ட ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. உசிலம்பட்டிக்கு மேற்கேயிருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்திருந்தாள். அன்றைக்குப் பூ எடுக்கப் போகவில்லை, கூலி போயிற்று.

“ஏத்தா, நீதான் இங்கிலீசு படிச்சவ. எனக்கு உள்ள என்ன செஞ்சிருக்காகன்னு இதுல எழுதியிருக்கும்ல? படிச்சுச் சொல்லு.”

அவளுக்கு 32 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிட்டது. அதன்பிறகு ஐந்து வருடமாக ஒரு தொந்தரவு. மாதவிடாய் நான்கு நாளில் நின்றதுபோல் இருக்கும்; பிறகு பழுப்பு நிறத்தில் கசியத் தொடங்கி ஏழெட்டு நாள் விடாது. அடிவயிற்றில் யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் வலி. மூன்று இடத்தில் காட்டியிருக்கிறாள். ஒருவர், ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். இன்னொருவர் சத்து மாத்திரை எழுதினார். மூன்றாமவர், பிள்ளைகள்தான் பிறந்தாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை சேர வேண்டும். அண்ணன் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டான். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று அவள் மட்டும் கிளம்பி வந்திருந்தாள்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. இலக்கியம் படித்தவள், பிரதிகளை வாசிக்கப் பழகியவள். எனக்குத் தெரிந்த வழியில்தான் அந்தச் சீட்டை வாசித்தேன்.

*

ஒரு கதையை எடுத்துக்கொண்டால் நாம் சில கேள்விகளைக் கேட்போம். யார் பேசுகிறார்? யாருக்காக? எதை நுணுக்கமாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? டிஸ்சார்ஜ் சீட்டையும் அப்படி வாசிக்கலாம்.

குழந்தை பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் இருந்தது. எடை கிராம் கணக்கில் இருந்தது. போட்ட தடுப்பூசிகளின் பெயர் இருந்தது. தாயைப் பற்றி ஐந்து வரிகள், எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள்: முந்தைய பிரசவம் எல்.எஸ்.சி.எஸ்.; இப்போதும் எல்.எஸ்.சி.எஸ்.; கூடவே பி.எஸ்., அதாவது பிரசவத்தோடு செய்த கருத்தடை. முதுகில் மயக்க ஊசி. எட்டாம் நாள் தையல் பிரிக்கப்பட்டது. நல்ல நிலையில் அனுப்பப்படுகிறார்.

‘கர்ப்பப்பை’ என்ற சொல் அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. தோலில் போட்ட தையலைப் பிரித்த நாள் இருக்கிறது. உள்ளே போட்ட தையலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தப் பக்கமாக வெட்டினார்கள், வெட்டு ஓரத்தில் கிழிந்து நீண்டதா, எப்படித் தைத்தார்கள், சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருந்ததா, ஏன் அறுக்க வேண்டி வந்தது என எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் முறையாக எழுதித் தரும் மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் பல பெண்களின் மஞ்சப்பைகளில் இருப்பவை மதினியின் சீட்டைப் போன்றவைதாம்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் அறியமாட்டார்கள். வயிற்றுத் தோலில் வடு குறுக்காக இருந்தால் கர்ப்பப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று எண்ணிவிட முடியாது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, குறைமாதத்தில் அவசரமாக எடுக்க வேண்டியிருந்தாலோ உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். அடுத்த பிரசவத்தில் வலி எடுக்கும்போது அந்த நெடுக்கு வடு பிளக்கும் அபாயம் குறுக்கு வடுவைவிடப் பல மடங்கு அதிகம். ஆக, அந்தப் பெண்ணின் உயிருக்கு மிகத் தேவையான தகவல் அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே தாள் அதைச் சொல்லவில்லை.

‘நல்ல நிலையில் அனுப்பப்படுகிறார்’ என்பதுதான் இந்தப் பிரதியின் கடைசி வாக்கியம். மருத்துவமனைக்குக் கதை அங்கே முடிகிறது. பெண்ணின் உடலுக்கு அது பாதிக் கதை.

*

கணக்கிலும் அவள் கதைக்கு ஒரு முடிவுநாள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கர்ப்பத்தின்போதோ கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ கர்ப்பம் தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது பேறுகால மரணம். பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுச் சந்திப்புகளும் அந்த ஆறு வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகின்றன. 43-ஆம் நாளிலிருந்து செவிலியரின் பதிவேட்டில் இருப்பது குழந்தைதான். அவளை ‘குழந்தையின் அம்மா’ என்று எழுதுவார்கள்.

மரணக் கணக்கில் தமிழ்நாடு பெருமைப்படலாம், அதில் ஐயமில்லை. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிழவிகள் இன்னும் ‘பெரியாஸ்பத்திரி’ என்கிறார்கள். அதன் பிரசவ வார்டுக்கு 108 வண்டியில் வந்து, அறுத்துக் குழந்தையை எடுத்ததால் உயிர் பிழைத்த பெண்கள் மேலூரிலும் பேரையூரிலும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். சிசேரியனைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. பிழைத்தவள் பிறகு எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

எத்தனை பேரைப் பற்றிய கேள்வி இது? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 34.1 சதவீதம் சிசேரியன். 2019-21-இல் அது 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியச் சராசரி 21.5 மட்டுமே. அதாவது இன்று தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றுக்கொள்கிற பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கர்ப்பப்பையில் ஒரு தையலோடு வீடு திரும்புகிறார்கள்.

இந்த எண்களை வைத்து நாம் நிறையப் பேசிவிட்டோம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போவதற்கு நியாயமில்லை என்று 1985-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் பெண்ணிய மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதே நிறுவனம் 2015-இல், ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் துரத்துவதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்வதே முக்கியம் என்று சொன்னதை அவ்வளவாகக் கேட்டதில்லை. விகிதம் ஏன் ஏறுகிறது என்று கேட்பது அவசியம். பணம், நேரம், நல்ல நாள் பார்ப்பது, வழக்குப் பயம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் விகிதத்தை மட்டும் பேசும்போது, ஏற்கெனவே அறுக்கப்பட்ட பெண் நம் வாதத்துக்கு ஒரு சான்றாக மட்டும் மிஞ்சுகிறாள். அவளுக்குச் சொல்ல நம்மிடமும் எதுவும் இருப்பதில்லை.

‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அறுக்காமல் பிறந்தால் சுகம். அப்படியென்றால் அறுபட்டவளுக்கு என்ன பெயர்? “பெரிய ஆபரேஷன்.” ஒருத்திக்குச் சுகம், இன்னொருத்திக்கு ஒரு நிகழ்வு. வலி தாங்காதவள், சொகுசுக்காரி என்று மாமியார் வீட்டில் விழும் ஏச்சும் இந்தச் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. சுகப்பிரசவத்திலும் எல்லாம் சுகமில்லை. சிசிலியா வான் ஹாலன் 1990-களில் தமிழ்நாட்டுப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ‘பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்’ நூலைப் படித்தவர்களுக்கு அது தெரியும். வலியை விரைவாக்கும் மருந்து, வார்டில் விழும் வசவு, பெண்ணுக்குச் சொல்லாமலே பிரசவத்தோடு வைத்துவிடும் காப்பர்-டி என அவர் காட்டியவற்றில் கத்தி படாத பிரசவங்களே நிறைய. அவர் நூல் பிரசவ அறையின் வாசலில் நிற்கிறது. நான் அதற்குப் பிறகான ஆண்டுகளைப் பற்றிக் கேட்கிறேன். நம் எழுத்தில் அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

*

மதினிக்கு உள்ளே என்ன நடந்திருக்கலாம்?

வெட்டித் தைத்த இடத்தில் சில பெண்களுக்குத் தசை முழுமையாகக் கூடுவதில்லை. கர்ப்பப்பையின் உட்பக்கச் சுவரில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, நாட்கள் முடிந்த பிறகு பழுத்துப் பழுப்பாகக் கசிகிறது. கசிவோடு அடிவயிற்று வலி, உறவின்போது வலி, சிலருக்கு அடுத்த குழந்தை தங்காமல் போவது எல்லாம் இதனால் வரலாம். பள்ளம் இருப்பவர்கள் எல்லோருக்கும் தொந்தரவு இருப்பதில்லை. தொந்தரவு இல்லாதபோது வைத்தியமும் தேவையில்லை. 2023-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, தொந்தரவு தரும் இந்த நிலைக்கு ‘சிசேரியன் வடுக் கோளாறு’ என்று தனிப்பெயர் தந்தார்கள்.

ஒரு பெயருக்கு இவ்வளவு காலம் ஆனதை யோசித்துப் பாருங்கள். பெயர் இல்லாதவரை “ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான்” என்பதே நோயின் பெயராக இருந்தது. முதுகு வலிக்கு முதுகில் போட்ட ஊசியையும், மற்ற எல்லாவற்றுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் பெண்கள் தங்களுக்குள் காரணமாகச் சொல்லிக்கொண்டார்கள். காரணம் தவறாக இருக்கலாம். ஆனால் ‘அந்த ஆபரேஷனுக்கு அப்புறம்தான் இப்படி’ என்று அவர்கள் சொன்ன வரிசை சரிதான். அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாப் பழியையும் வடுமேல் போடவும் கூடாது. கிருமித் தொற்று, கட்டி, தைராய்டு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என ரத்தக்கசிவுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றையும் பார்த்து விலக்க வேண்டும். அதேபோல் வயிற்று வடுவில் ஒரு சிறு கட்டி தோன்றி, மாதவிடாய்தோறும் வீங்கி வலித்தால், கர்ப்பப்பையின் உட்சவ்வு அங்கே ஒட்டி வளர்ந்திருக்கலாம். அந்தக் கட்டியை முழுமையாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் வலி போய்விடும். அதை ‘தையல் வலி’ என்று வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கசிவு உயிரை எடுக்காது, உண்மைதான். வாழ்க்கையை எடுக்கும். மதுரை மாவட்டத்தில் கூவலாபுரத்திலும் அக்கம்பக்கத்துச் சில ஊர்களிலும் மாதவிடாய் ஆன பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் ‘முட்டுத்துறை’ என்னும் தனிவீட்டில் ஒதுங்கியிருக்கும் வழக்கம் பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டது. ஐந்து நாள் தீட்டே சிறை என்று நாம் எழுதினோம். கசிவு பன்னிரண்டு நாள் நீண்டால் அந்தப் பெண் எங்கே இருப்பாள்? முட்டுத்துறை இல்லாத ஊரிலும் தீட்டு இருக்கிறது. மதினி ஐந்து வருடமாகக் குலசாமி கும்பிடப் போனதில்லை. போகிற நாளில் எல்லாம் ‘ஒதுக்கம்’. மாதத்தில் பாதி நாள் புருஷனோடு படுக்க முடியாததற்கு அவளுக்கு என்ன பெயர் கிடைத்தது என்பதை அவள் என்னிடம் சொன்னாள். இங்கே எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

*

வைத்தியம் இருக்கிறது என்பதுதான் இதில் கோபப்பட வேண்டிய செய்தி.

முதலில் உள்வழியாகச் செய்யும் ஸ்கேன். வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இந்தப் பள்ளம் தப்பிவிடலாம். தேவைப்பட்டால் கர்ப்பப்பைக்குள் சிறிது சலைன் செலுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பள்ளத்துக்கு மேலே மிச்சமிருக்கும் தசை எத்தனை மில்லிமீட்டர் என்பதே முக்கிய அளவு. அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையோ ஹார்மோன் உள்ள லூப்போ கசிவைக் குறைக்கலாம். அதில் நிற்காவிட்டால், தசை ஏறக்குறைய 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கிழிக்காமல் கர்ப்பப்பை வாய் வழியாகக் குழாய்க் கேமரா செலுத்தி, பள்ளத்தின் விளிம்பைச் சீராக்கித் தேக்கத்தை வடியச் செய்யலாம். தசை அதைவிட மெலிந்திருந்தால், அதிலும் பிள்ளை வேண்டும் என்றால், லேப்ராஸ்கோபி வழியாக அந்த இடத்தை வெட்டி மறுபடி தைக்கலாம். கர்ப்பப்பையை எடுப்பது இந்தப் படிகளின் கடைசியில் இருக்கிறது. மதினிக்கு அதை முதல் படியாகக் காட்டினார்கள்.

சிசேரியன் வரலாற்றில் இதைவிடப் பெரிய முரண் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குழந்தையை எடுத்தபின் கர்ப்பப்பையைத் தைக்கும் வழக்கமே இல்லை. தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். பெண்கள் ரத்தம் போய்ச் செத்தார்கள். 1876-இல் இத்தாலியில் எடுவார்டோ போரோ, பெண்ணைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே வெட்டி எடுத்தார். 1882-இல் ஜெர்மனியில் மாக்ஸ் சாங்கர் அதைத் தைத்து மூடும் முறையை நிலைநாட்டினார். கர்ப்பப்பையை இழக்காமல் ஒரு பெண் பிழைக்கலாம் என்பதுதான் அந்தத் தையலின் பொருள். இன்று, அந்தத் தையலில் விழுந்த ஒரு சிறு பள்ளத்துக்காக மறுபடி போரோவின் கத்தியிடமே நம்மை அனுப்புகிறார்கள். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

“புள்ளைதான் பெத்தாச்சுல்ல” என்ற வாக்கியம் மருத்துவம் அல்ல, ஒரு பார்வை. பிள்ளை பெறுவதற்கு மட்டுமே ஒரு உறுப்பு, அந்த உறுப்புக்காகவே ஒரு பெண் என்ற பார்வை. முப்பது வயதில் கர்ப்பப்பை போனால், சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்கும் காலத்தின் மாற்றங்கள் முன்கூட்டி வரலாம். சினைப்பைகளையும் எடுத்தால் உடனே வரும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பை இழந்த செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றி நடந்த கர்ப்பப்பை நீக்கங்கள் பற்றிய நரேந்திர குப்தா வழக்கில், அவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. கூலி வேலை, நிற்காத ரத்தம், ‘எடுத்துவிட்டால் தொல்லை விட்டது’ என்ற அறிவுரை: பீடுக்கும் உசிலம்பட்டிக்கும் இந்தச் சங்கிலி ஒன்றுதான்.

கையெழுத்தும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அண்ணன் போட்டால் போதும் என்று மதினி நினைத்துக்கொண்டிருந்தாள். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு என்று மயக்கம் கொடுத்துவிட்டு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி அந்தப் பெண்ணின் கர்ப்பப்பையை எடுத்த வழக்கு அது. உயிராபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பிய பிறகு கேட்டுக்கொள்ளக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது; ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது; சம்மதம் வாங்குமுன் மாற்று வழிகளையும் சொல்ல வேண்டும். இதை எந்த மருத்துவமனைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

*

கருத்தடை செய்துகொண்டதால் மதினிக்கு இல்லாத ஓர் அபாயம், ஒரு குழந்தையோடு இருக்கும் இளம்பெண்களுக்கு உண்டு. இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் அக்காமார்களுக்குச் சொல்ல வேண்டியது இது.

அடுத்த கரு சில சமயம் பழைய வடுவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். 1978-இல் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவான இது, ஏறக்குறைய இரண்டாயிரம் கர்ப்பங்களுக்கு ஒன்று என்பார்கள். சிசேரியன்கள் பெருகும்போது இதுவும் பெருகும். தொடக்கத்தில் சாதாரணக் கர்ப்பம்போலவே இருக்கும். ஆறு ஏழு வாரத்தில் ஸ்கேன் செய்து கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். கண்டுபிடித்தால் ஊசி மருந்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுப்பது, அறுவைச் சிகிச்சை என்று வழிகள் உண்டு. கர்ப்பப்பையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். தெரியாமல் சுரண்டினால் ரத்தம் பீறிடும். கைக்குழந்தையோடு இருக்கும் பெண் நாள் தள்ளிப்போனதும் என்ன செய்கிறாள்? புருஷனை மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். கருக்கலைப்பு அவள் உரிமை. 1971-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் வடு உள்ளவள் ஸ்கேன் பார்க்காமல் அந்த மாத்திரையைப் போடுவது இருட்டில் கிணற்று மேட்டில் நடப்பதுபோல. வீட்டார் முகத்துக்கும் ஆஸ்பத்திரியில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் பயந்துதான் அவள் அந்த இருட்டைத் தேர்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கர்ப்பம் தொடர்ந்தால், நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாசலை மறைத்துக்கொண்டு பழைய வடுவுக்குள் வேர்விடலாம். 2006-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சுக்கொடி அப்படி வாசலை மறைத்திருந்த பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு நூற்றில் 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களுக்கு 40 பேருக்கும், மூன்று ஆனவர்களுக்கு 61 பேருக்கும் அது வடுவில் பதிந்திருந்தது. இதை முன்கூட்டியே ஸ்கேனில் கண்டு, ரத்த வங்கியும் அனுபவமுள்ள குழுவும் இருக்கிற பெரிய மருத்துவமனையில், வலி எடுக்கும் முன்பே நாள் குறித்துப் பிரசவம் பார்த்தால் தாய் பிழைப்பாள். இரவு இரண்டு மணிக்கு, விவரம் இல்லாத சீட்டோடு, ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு வண்டி ஏறினால் அவள் உயிர் ரோட்டைப் பொறுத்தது.

‘முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் ரெண்டாவதும் ஆபரேஷன்தான்’ என்பதும் விதி அல்ல. நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் 1916-இல் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் அது. அப்போது கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டினார்கள். ஒரே ஒரு குறுக்கு வடு இருந்து, வேறு சிக்கல் இல்லாமல், உடனே அறுவை செய்யும் வசதி பக்கத்தில் இருந்தால், முயல்கிறவர்களில் பெரும்பாலோர் அறுக்காமலே பெறுகிறார்கள். வடு பிளப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முயலலாமா என்று அவள் கேட்க வேண்டுமானால் அவள் வடு குறுக்கா நெடுக்கா என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி அந்தச் சீட்டுக்கே வந்து நிற்கிறோம்.

*

‘தையல்’ என்றால் நம் பழைய மொழியில் பெண். ஔவையாரின் ஆத்திசூடியில் அவள் பேச்சுக்குக் காது கொடுக்காதே என்று ஓர் அறிவுரை உண்டு. பாரதி தன் புதிய ஆத்திசூடியில் அதைத் திருப்பிப் போட்டு அவளை உயர்த்தச் சொன்னார். வகுப்பில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். என் மேசைமேல் கிடந்த சீட்டைப் படித்த அன்று எனக்கு இரண்டுமே போதவில்லை. உயர்த்த வேண்டாம், அவள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் நான்கு வரி: ஏன் அறுத்தோம், உள்ளே எப்படி வெட்டினோம், எப்படித் தைத்தோம், அடுத்த கர்ப்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும். வடு உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அடுத்த கர்ப்பத்தின் ஆறேழு வாரத்தில் ஒரு ஸ்கேன். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள், அவர்கள் கையில் இருக்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்று: “ஆபரேஷனுக்கு அப்புறம் தீட்டு எத்தனை நாள் நிக்கிது?” 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை வைத்திருக்கிறோம். அந்தப் பெயருக்கு 42 நாளோடு முடியாத ஒரு கணக்கு பொருத்தமாக இருக்கும்.

மதினி அந்த வியாழக்கிழமை போகவில்லை. மதுரையிலேயே வேறொரு மருத்துவரிடம் போனோம். உள்வழி ஸ்கேன் என்றதும் மதினி கூசினாள். மருத்துவர் வெளியே போய்க் காத்திருந்து, அவள் சரி என்ற பிறகே வந்தார். பள்ளம் இருந்தது. மேலே நாலு மில்லிமீட்டர் தசை. ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து, பள்ளத்தைக் காட்டி, மூன்று வழிகளையும் ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் சொன்னார். எடுப்பதும் அந்த மூன்றில் ஒன்றாக இருந்தது. மதினி முதலில் மூன்று மாத மாத்திரையைத் தேர்ந்தாள். இப்போது கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்து என்ன என்று இன்னும் முடிவாகவில்லை.

கிளம்பும்போது அவள் அந்தப் படம் வரைந்த தாளைக் கேட்டு வாங்கினாள். “இதுல தமிழ்ல ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டரம்மா. நாளைக்கு எவளாச்சும் கேட்டா நான் காட்டணும்ல.”

அவர் எழுதிக் கொடுத்தார். மதினி அதைப் படித்துப் பார்த்து, டிஸ்சார்ஜ் சீட்டுக்கு உள்ளே வைத்து மடித்து, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள்.